எட்டு வந்தால் கூப்பிடலாம்

நாற்பத்தொரு பேரில் ஒழுங்காகப் பதில் போடுகிறவள் ஒருத்திதான், அவளும் செத்துப்போய்ப் பதினொரு நாளாகிறது என்று நினைத்தபடியே ஹாலினா காரைப் பூட்டிவிட்டு மருத்துவமனையின் பின்வாசலுக்கு நடந்தாள்.

காலை ஒன்பதரை மணி. கனடாவின் வின்னிபெக் நகரத்து மார்ச் மாத வெயில் கண்ணைக் கூசவைத்ததே தவிர உடம்பில் உறைக்கவில்லை. அவளுடைய ஆய்வுக்கூடம் பழைய கட்டடத்தின் அடித்தளத்தில், ஒரு காலத்தில் வார்டாக இருந்த நீள அறையில் இருந்தது. கதவைத் திறந்ததும் இன்றைக்கும் அந்த வாடை. ஆற்றடிச் சேற்றின் வாடை. குழாய் எதுவும் ஒழுகவில்லை என்று பராமரிப்புக்காரர்கள் இரண்டு முறை வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ஆய்வில் சேரும் மனச்சோர்வு உள்ளவர்களின் மூளையை முதலில் படம் எடுப்பார்கள். பிறகு ஒரு கைபேசியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். அது நாளுக்கு நான்கு முறை மூன்று கேள்விகள் கேட்கும். மனம் எவ்வளவு வலிக்கிறது, பத்துக்கு எத்தனை? இன்று யாராவது உங்களிடம் பேசினார்களா? இப்போது யாரோடு இருக்கிறீர்கள்? பாதிப் பேர் பதிலே போடுவதில்லை. ஹாலினாவின் மூன்று வருட உழைப்பு வெற்றுக் கட்டங்களாகத் திரையில் நின்றது.

லோர்னா மட்டும் ஒரு கேள்வியையும் விட்டதில்லை. ஏழு. இல்லை. யாருமில்லை. பத்தொன்பது நாளும் அதே பதில்கள்.

எட்டு வந்தால்தான் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்பது விதி. ஆறே போதும் என்று ஹாலினா வாதாடியிருந்தாள். அப்புறம் நாள் முழுக்க போனும் கையுமாக உட்கார்ந்திருப்பாய் என்று சிரித்தார் ஆய்வின் தலைவர் டாக்டர் ஃபிரீசன். அவர்மேல் அவளுக்கு இன்னும் ஆத்திரம் இருந்தது. ஆனால் ஏழு வந்தால் கூப்பிடக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லையே என்று நினைக்கும்போது அந்த ஆத்திரம் போக்கிடம் இல்லாமல் அவளிடமே திரும்பிவரும்.

இருபதாம் நாள் லோர்னா உறைந்த ஆற்றின்மேல் நடந்து போனாள். பனி தாங்கவில்லை. தவறிப் போனாளா, தெரிந்தே போனாளா என்பது யாருக்கும் தெரியாது. கோட்டுப் பையில் இருந்த கைபேசியை அவளுடைய அக்கா துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இது உங்களுதாமே" என்றாள்.

தண்ணீர் புகுந்து, சார்ஜ்கூட ஏறாத அந்தக் கைபேசி ஹாலினாவின் மேசை டிராயரில் கிடக்கிறது.

லோர்னாவின் பதில்கள் நிற்கவில்லை.

கணினியைத் திறந்தாள். காலை எட்டு மணிக் கேள்விகளுக்கும் பதில் வந்திருந்தது.

ஏழு.

இல்லை.

மூன்றாவது கட்டத்தில் மட்டும் இன்று வேறொன்று இருந்தது.

உங்களோடு.

டிராயருக்குள் ஏதோ மெல்ல அதிர்ந்து அடங்கியது. அவள் திறக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

மேசைத் தொலைபேசி அடித்தது. ஃபிரீசன்தான். நேற்றே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"சர்வர் கோளாறும்மா அது. இல்லேன்னா, செத்தவங்கதான் நல்லா ஒத்துழைக்கிறாங்கன்னு கட்டுரையில போட்டுக்கலாம்."

அவள் சிரிக்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார். வியாழக்கிழமை நெறிமுறைக் குழு வருகிறது. அத்தனை ஏழுகளைப் பார்த்தால் ஏன் ஒருத்தரும் கூப்பிடவில்லை என்று கேட்பார்கள். ஆய்வு நிற்கும், அவள் வேலையும் அதோடு போகும் என்றார்.

"லோர்னா பதிலையெல்லாம் மொத்தமா எடுத்துடு ஹாலினா. முதல் நாளே ஆய்விலேருந்து விலகிட்டாங்கன்னு ஒரு வரி எழுது. போதும்."

ஒரே ஒரு வரி. அவள் விரல் விசைப்பலகைக்குப் போனது. மூன்று வருடம் பிழைத்துவிடும். அந்தப் பத்தொன்பது நாளும் இல்லாமல் போய்விடும்.

சேற்று வாடை நெருங்கி வந்தது.

எதிரே, ஆய்வுக்கு வருகிறவர்கள் உட்கார்ந்து கையெழுத்துப் போடும் நாற்காலி காலியாக இருந்தது. அதன் சாம்பல் நிறத் துணியின் நடுவில் ஓர் ஈரம் தெரிந்தது. பார்க்கப் பார்க்க அது விளிம்புவரை கறுத்துப் பரவியது. துணி மெல்ல அமுங்கியது.

யாரோ உட்காரும்போது அமுங்குவதுபோல.

"கேக்குதா?" என்றார் ஃபிரீசன்.

ஹாலினா விரலை எடுத்துக்கொண்டாள். நாற்காலியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இல்ல டாக்டர்" என்றாள் மெதுவாக. "அவங்க விலகல."