முட்டிக்கு மேல் ஒரு நீலக் கோடு

புண் வார்டுக்கு நான் மாற்றலாகி வந்தது ஒரு மழை மதியத்தில். உயரமான கூரை, ஈரச் சுவர், டெட்டால் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை. மூக்கு பழகிவிடும் என்றார் தலைமை நர்ஸ். பழகவே இல்லை.

அழுகலில் வகை உண்டு. காய்ந்த அழுகல் சாது. ரத்தம் ஓடாத விரல் கறுத்துச் சுருங்கி, இருந்த இடத்திலேயே கிடக்கும். அதில் கிருமி புகுந்தால் ஈர அழுகல். நாறும், நீர் வடியும், மேலே ஏறும். மண்ணில் கிடக்கும் கிருமி ஆழமான காயத்துக்குள் போனால் வருவது வாயு அழுகல். தோலை அழுத்தினால் உள்ளே சருகு மிதிபடும் சத்தம் கேட்கும். அது மணிக்கணக்கில் ஆளை முடித்துவிடும். அதனால்தான் சிவப்பு எதுவரை வந்திருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டு வைப்போம்.

இந்த வார்டில் ஒரு கோடு அதிகம். நாங்கள் போட்டதற்கு மேலே, யாரும் போடாத நீலக் கோடு. அந்த இடத்தில் வெட்டினால் ஆள் பிழைப்பார். அதற்குக் கீழே வெட்டப்பட்டவர்களில் ஒருவரும் வீடு திரும்பவில்லை.

"யாரு மேடம் போடறது?" என்று தலைமை நர்ஸைக் கேட்டேன்.

"கேக்காத. அழிக்காம பார்த்துக்கோ, போதும்."

பேய்க்கதை என்று சர்ஜன் சிரிப்பார். கத்தி மட்டும் அந்தக் கோட்டில்தான் இறங்கும்.

லாரி டிரைவர் ஒருவர் வந்தார். சேற்றில் டயர் மாற்றும்போது கம்பி காலில் ஏறிவிட்டது. "பார்த்து சிஸ்டர், பிரேக் கால். இதுதான் சோறு போடுது" என்று காய்ச்சலிலும் கிண்டல் செய்தார். பக்கத்தில் இருந்த மனைவி சிரிக்கவில்லை.

கெண்டைக்காலில் நான் கோடு போட்டேன். மருந்து எடுத்து வருவதற்குள் முட்டிக்கு மேலே நீலக் கோடு. மை காயவில்லை.

"இங்கயா வெட்டுவாங்க?" என்றாள் அவள்.

தலையாட்டினேன். ஆபரேஷனுக்கு ஆள் கூப்பிட ஓடினேன்.

அவர் திரும்பி வந்தபோது முட்டி இருந்தது.

மனைவியின் விரல்களைப் பார்த்தேன். நுனியெல்லாம் நீலம்.

"முட்டி இருந்தா செயற்கைக் கால் வெச்சு வண்டி ஓட்டலாம்னு சொன்னாங்க சிஸ்டர். நான்தான் அழிச்சிட்டு கீழ போட்டேன்."

சர்ஜன் ஓடி வந்து தொடையை அழுத்தினார்.

சரசர.

இடுப்பை அழுத்தினார்.

சரசர.

"கோடு எங்க?" என்று கிசுகிசுத்தார். அவர் வாயால் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

தேடினோம். தொடை, வயிறு, மார்பு. புரட்டியும் பார்த்தோம். உடம்பில் எங்குமே இல்லை.

போர்வையை உருவினார் தலைமை நர்ஸ்.

கோடு மெத்தை விரிப்பில் இருந்தது.

தலையைச் சுற்றி, தோளைச் சுற்றி, வெட்டிய காலைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. பேனா இல்லை, கை இல்லை. ஈர நீலம் மட்டும் எங்கள் கண்ணெதிரே ஊர்ந்தது. விரிப்பின் மேல் கணவனின் கையைப் பிடித்திருந்தாள் அவள். அவள் மணிக்கட்டுக்கு வந்ததும் கோடு நின்றது. அந்தப் பக்கம், கோடு ஆரம்பித்த இடம். இரண்டும் சேரவிடாமல் நடுவில் அவள் கை.

"கையை எடுக்காதம்மா" என்றார் சர்ஜன்.

அவள் கணவர் இன்னும் மூச்சு விடுகிறார். எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. அவளுக்குப் பதில் நான் பிடித்துக்கொள்கிறேன் என்று ஒரு தடவை கையை வைத்தேன். கோடு என் விரல்களைச் சுற்றத் தொடங்கியது. பயந்து உதறிவிட்டேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

நேற்றிலிருந்து அவள் அசையவில்லை. நாங்கள் முறை வைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது அவளுக்குக் கண் சொருகுகிறது.