புருவத்துக்கு மேல் ஒரு பிளாஸ்டர்

பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மாவின் இடது புருவத்துக்கு மேல் ஏற்கெனவே ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. தாரணி இன்னும் பிளாஸ்டர் சுருளைப் பிரிக்கவே இல்லை.

வேறு யாராவது ஒட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அந்தத் துண்டு மஞ்சளாகி, ஓரம் சுருண்டு, பல மாதம் நெற்றியிலேயே கிடந்ததைப்போல அழுக்கேறியிருந்தது.

லிங்கராஜபுரத்து சர்ச் ஹாலில் அன்று இலவசக் கண் சிகிச்சை முகாம். வெளிநாட்டிலிருந்து வந்த டாக்டர்கள் உள்ளறையில் கண்ணைப் பார்த்து, எந்தக் கண்ணில் புரை எடுக்க வேண்டும் என்று சொல்வார்கள். அந்தக் கண்ணின் புருவத்துக்கு மேல் பிளாஸ்டர் ஒட்ட வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். வைட்ஃபீல்டில் ஐடி வேலை பார்க்கும் தாரணிக்குக் கிடைத்த தொண்டு இதுதான். தர்மபுரியில் இருக்கும் தன் அம்மாவிடம் ஃபாரின் டாக்டர்களுக்கு உதவி செய்வதாக அளந்துவிட்டிருந்தாள். ஆபீஸ் குரூப்பில் செல்ஃபியும் போட்டாகிவிட்டது.

நர்ஸ் ஆஞ்சலா ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"முன்னாடி நின்னு ஒட்டாத. பின்னாடி போய், தோள்ல கை வச்சுக்கிட்டு ஒட்டு. அப்பதான் அவங்க வலது உனக்கும் வலதா இருக்கும்."

தாரணி தலையாட்டினாள். இதற்கெல்லாமா டிரெயினிங் என்று உள்ளுக்குள் சிரிப்புதான் வந்தது.

முதலில் ஒழுங்காக ஒவ்வொருவருக்கும் பின்னால் போய் நின்றாள். கூட்டம் நெருக்க நெருக்க, பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவே நுழைய இடமில்லாமல் போனது. முன்னால் நின்றே ஒட்ட ஆரம்பித்தாள். பிளாஸ்டர் கிழிகிற சத்தம், ஸ்பிரிட் வாசனை, தேங்காயெண்ணெயும் வியர்வையும் கலந்து பிசுபிசுத்த நெற்றிகள், வெளியே விடாமல் ஹாரன் அடிக்கும் ஆட்டோக்கள் எல்லாம் சேர்ந்து அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. அந்த நேரத்தில்தான் இராஜமாணிக்கம் வந்து உட்கார்ந்தார். சிவாஜிநகரில் தையல் கடை வைத்திருப்பவர். சொட்டு மருந்து எரிந்ததால் இரண்டு கண்களையும் இறுக்கி மூடியிருந்தார். இடது கண் நன்றாகத்தான் இருக்கிறது, அதை வைத்துத்தான் ஊசியில் நூல் கோக்கிறேன், வலதுதான் பால் ஊற்றியதுபோல ஆகிவிட்டது என்று அவர் பேசிக்கொண்டே இருந்தார். உள்ளேயிருந்து டாக்டர் "ரைட்" என்றார். தாரணி தன் வலது கைப் பக்கம் இருந்த புருவத்தில் ஒட்டி, அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

கடைசி பெஞ்சு அம்மா மெல்லத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். அதுவரை அந்த அம்மாவை யாரும் உள்ளே கூப்பிட்டிருக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரையும் வேனில் ஏற்றினார்கள். அந்த அம்மாவை ஏற்றவில்லையே என்று தாரணி கேட்டாள். பழைய பிளாஸ்டரைப் பற்றிச் சொன்னதும் ஆஞ்சலாவின் முகம் மாறிவிட்டது. பெஞ்சு காலியாக இருந்தது.

"நீ சொல்றது லட்சுமம்மா மாதிரி இருக்கு. போன வருஷ கேம்ப்ல ஒரு பொண்ணு முன்னாடி நின்னு ஒட்டிட்டா. நல்லா இருந்த கண்ணுதான் போச்சு. அப்புறம் படியில தடுக்கி விழுந்து, ஆளே போயிட்டாங்க."

ஆஞ்சலா வேனில் ஏறிப் போய்விட்டாள்.

ஹாலில் தாரணி மட்டும். கை தானாக எழுந்தது. இராஜமாணிக்கம் இங்கே உட்கார்ந்திருந்தார், நான் இங்கே நின்றேன், என் வலது கை போனது அவருடைய...

ஃபோன் செய்தாள். மணி அடித்தது, ஆஞ்சலா எடுத்தாள். சொல்ல வேண்டியது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. என்னவென்று சொல்வது? எத்தனை பேருக்கு அப்படி ஒட்டினாய் என்று கேட்டால்? அத்தனை பேர் முன்னால் எப்படித் தலை நிமிர்வது?

"சாப்ட்டீங்களாக்கா?" என்றாள்.

ஆயிற்று என்று சொல்லி ஆஞ்சலா வைத்துவிட்டாள். ஆபரேஷனுக்கு முன் அங்கே இன்னொரு தடவை பார்ப்பார்கள் என்று தாரணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. நிமிர்ந்தபோது அந்த அம்மா பெஞ்சில் இருந்தாள். கடைசியில் அல்ல. நடுவில்.

தாரணி வெளியே ஓடி, வேன்கள் திரும்பி வரும்வரை கேட்டிலேயே நின்றாள்.

இருட்டுகிற நேரத்தில் வந்தார்கள். ஒரு கண்ணில் கட்டோடு ஒவ்வொருவரையும் கைப்பிடித்து ஹாலுக்குள் கூட்டிவந்து பாயில் படுக்க வைத்தாள். கடைசியாக இராஜமாணிக்கம். அவருடைய முகத்தைப் பார்க்கத் துணிச்சலில்லாமல் கால்களையே பார்த்துக்கொண்டு நடந்தாள். படுத்ததும் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா, எனக்குத் தெரிஞ்சிட்டிருந்த கண்ணுல கட்டிருக்காங்க. முதல்ல இதைத்தான் பண்ணுவாங்களா? டாக்டருக்குத் தெரியாததான்னு நானும் கேக்கல."

கட்டு இடது கண்ணில் இருந்தது. வலது கண் வெள்ளையாக அவளைத் தாண்டி எங்கேயோ பார்த்தது.

கரண்ட் போனது.

ஃபேன்கள் ஒவ்வொன்றாகச் சுற்றி ஓய்ந்தன. இருமல் சத்தம். பாய் சரசரப்பு. அப்புறம் அதுவும் இல்லை. தாரணி சுவரைத் தேடிப் பின்னால் நகர்ந்தாள். சுவர் வரவில்லை.

பிளாஸ்டர் கிழிகிற சத்தம் கேட்டது.

சுருள் அவளுடைய பைக்குள் இருந்தது. பை தோளில் இருந்தது. தடவிப் பார்த்தாள். சுருள் இல்லை.

ஸ்பிரிட் வாசனை. மிக அருகில்.

கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

தோளில் ஒரு கை வந்து உட்கார்ந்தது. பின்னாலிருந்து. அவசரமே இல்லாமல். இன்னொரு கை நெற்றியைத் தடவி, வலது புருவத்தைக் கண்டுபிடித்தது. அழுத்தி ஒட்டியது.

மறுபடி அந்தச் சத்தம்.

இடது.

"அப்பாடா, கரண்ட் வந்துடுச்சு," என்றார் ஒருவர் பாயிலிருந்து. "லைட் கண்ணைக் கூசுது," என்று யாரோ முனகினார்கள். ஃபேன் காற்று தாரணியின் முகத்தில் பட்டது. கண்களை அகல விரித்தாள். கசக்கிக்கொண்டு மறுபடி விரித்தாள்.

இருட்டு அப்படியே இருந்தது. தோளில் கையும்.