மகன் பேரில் ஊற்றிய பால்

ஒன்பது நாளாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இறங்காத தொண்டை, மடக்கென்று விழுங்கியது.

பால் ஸ்பூனைக் கையில் பிடித்தபடியே நின்றாள் குழல்வாய்மொழி. மாமனார் நமசிவாயத்துக்குக் குடலில் புற்றுநோய். இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பி ஒரு மாதம் ஆகிறது. வலிக்கு மருந்து கொடுக்க வரும் நர்ஸ் சமீனா இன்று காலையிலும் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் தென்காசிக்குப் போனாள். "வாய்ல எதுவும் ஊத்திராதீங்கக்கா. பஞ்ச நனைச்சு உதட்டத் தொடச்சாப் போதும்."

சொல்லுவாள். தொண்டையில் கர்ரென்று மூச்சு இழுக்கும் அந்தச் சத்தத்தை ராப்பகலாக யார் கேட்பது? சொந்தபந்தமெல்லாம் முறை வைத்துப் பால் ஊற்றியாயிற்று. கடைவாயில் வழிந்ததே தவிர உயிர் பிரியவில்லை. "மவன் கையால ஒரு வாய் கேக்குது அந்தச் சீவன்" என்று சொல்லிவிட்டுப் போனாள் பக்கத்து வீட்டுப் பிச்சம்மாள். மகன், அவள் புருஷன் விஜயசங்கருக்குச் சவுதியில், தம்மாமில் லீவு கிடைக்கவில்லை. குழல்வாய்மொழிக்கோ, எப்போதடா முடியும் என்று ஆகிவிட்டது. அப்படி நினைத்ததற்கே தன்னைத் திட்டிக்கொண்டாள். கடைசியில், வீட்டில் யாரும் இல்லாத இந்த மத்தியானத்தில், அவர் காதருகே குனிந்து ஒரு பொய்யைச் சொன்னாள்.

"மாமா, ஒங்க மவன் வந்திருக்காவ. அவுகதான் பால் ஊத்துதாவ. குடிங்க."

விழுங்கினார். இழுப்பு நின்றது.

போய்விட்டார் என்றே நினைத்தாள். வெளியே மூன்று நாளாக விடாத சாரல் தகரக் கூரையில் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருக்க, டெட்டாலும் புண்ணின் வாடையும் காயாத துணிகளின் ஈர நாற்றமும் கலந்து கிடந்த அந்த இருட்டறையில், போர்வை மெல்ல மேலே ஏறி, மெல்லக் கீழே இறங்குவதைப் பார்த்தாள். பால் குடித்துத் தூங்கும் பிள்ளை மாதிரி மூச்சு விட்டார். நீலம் பாரித்திருந்த அவர் நகங்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன.

போன் அடித்தது. வீடியோ கால். கேம்ப் கட்டிலில் உட்கார்ந்திருந்தான் விஜயசங்கர்.

"குழலி, அப்பா எப்படி இருக்காவ?"

"இருக்காவ. ஒங்க முகம் ஏன் இப்படி இருக்கு?"

"என்னமோ தெரியல. சாப்பிட உக்காந்தேன். தொண்டைக்குள்ள எறங்க மாட்டேங்கு. தண்ணியும் வெளிய வருது."

"எப்பத்திலேருந்து?"

"இப்பத்தான். ஒரு பத்து நிமிசம் இருக்கும்."

தொண்டையைத் தடவிக் காட்டினான். நகங்கள் நீலமாக இருந்தன.

போனை மெத்தையில் போட்டுவிட்டு மாமனாரின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"மாமா! நான் பொய் சொல்லிட்டேன் மாமா! அவுக வரவேயில்ல. நான்தான் ஊத்தினேன். அத என் பேர்ல வச்சுக்கிடுங்க. அவுகள விட்டிருங்க!"

போனுக்குள் கர்ரென்று ஓர் இழுப்பு. நின்றது. மறுபடியும் கர்ரென்றது. ஒன்பது நாளாக அவள் கேட்டுக் கேட்டு வெறுத்த அதே சத்தம்.

நமசிவாயம் கண்ணைத் திறந்தார்.

"தெரியும் தாயி."

குரல் தெளிவாக இருந்தது. அதில் அன்பும் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை.

"அவன் பேரச் சொல்லி இன்னொண்ணு ஊத்து."

"மாட்டேன்."

ஈ உட்கார்ந்தால் விரட்ட முடியாத கை. அது அவள் மணிக்கட்டைப் பிடித்தது. சூடாக இருந்தது. ஸ்பூனோடு சேர்த்து அவள் கையைப் பால் டம்ளருக்குள் முக்கியது. தூக்கியது. அவள் இழுத்தாள். வரவில்லை. கால்களை ஊன்றி இழுத்தாள். அசையக்கூட இல்லை.

பேரைச் சொல்லக் கூடாது. பல்லைக் கடித்து வாயை இறுக்கிக்கொண்டாள்.

"சரி, நீ சொல்லாண்டாம்" என்றார் அவர். "எம்மவன் விஜயசங்கர் ஊத்துதான்."

வாயைத் திறந்தார்.

மெத்தையில் கிடந்த போனுக்குள், விஜயசங்கரின் வாயும் திறந்தது.