காலஞ்சென்ற அடைக்கலமேரி

“இன்னைக்கி நீ கோயில் பக்கமே வர வேணாம்டி… சொல்லிட்டேன்!”

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக, டீச்சட்டியை அடுப்பிலிருந்து இறக்கும்போதே சூசையம்மா ஆரம்பித்துவிட்டாள். அடைக்கலமேரி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஓரகத்தியின் பேச்சை இருபத்தாறு வருஷமாகக் கேட்டுக் கேட்டு மரத்துப்போன காது அவளுடையது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை கேட்ட ஒரு வார்த்தை மட்டும் அந்தக் காதைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறது.

“மாப்பிள்ளை வூட்டுக்காரங்க ஆண்டிமடத்துலேருந்து பூசைக்கு வராங்க. முடிஞ்சதும் சாமியாரைப் பாத்துக் கல்யாணத் தேதி குறிக்கப் போறாங்க. அந்த நேரத்துல நீ குறுக்கும் நெடுக்கும் போயிட்டிருந்தா நல்லாவா இருக்கும்?”

“எங்க போவச் சொல்றீங்கக்கா?”

மூத்தார் சவரிநாதன் கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தார். ஜபம் சொல்லித் தருவது, ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் ஓலை எழுதிக் கொடுப்பது எல்லாம் அவர்தான். அந்தப் பங்கின் உபதேசியார் ஆயிற்றே! திரும்பாமலே சொன்னார்.

“செந்துறைக்குப் போ. உங்கண்ணன் வூட்டுல ரெண்டு நாள் இருந்துட்டு வா. எல்லாம் பொண்ணு நல்லதுக்குத்தான்.”

பொண்ணு! அடைக்கலமேரி உள்ளறையைப் பார்த்தாள். பிரவீணா நேற்றுச் சாயங்காலப் பஸ்ஸில் பெரம்பலூரிலிருந்து வந்திருந்தாள். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. வந்ததிலிருந்து அம்மாவின் முகத்தை நேருக்கு நேர் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பாள்?

போன ஞாயிற்றுக்கிழமை ஊரில் ஒரு சாவு. பூசை நேரத்தில் அடைக்கலமேரி கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டிக்கொண்டிருந்தாள். கோயில்பிள்ளை வேலை அவள் புருஷன் செபஸ்தியானுடையது. மணியடிப்பது, கோயிலைக் கூட்டுவது, குழி வெட்டுவது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவன் மஞ்சள்காமாலையில் போனபோது, குழி வெட்ட ஆள் வரும் வரும் என்று மதியம்வரை பார்த்தாள். யாரும் வரவில்லை. மண்வெட்டியை எடுத்தவள் அன்றோடு கீழே வைக்கவில்லை. பொம்பளை குழி வெட்டலாமா என்று அன்றைக்கு மூக்கில் விரல் வைத்த ஊர், கொரோனா வந்தபோது அவளைத்தான் கூப்பிட்டது.

இடுப்பளவு குழிக்குள் நின்றபடி, கோயில் உச்சியிலிருந்த குழாய் ஸ்பீக்கரில் மகளின் முதல் ஓலையைக் கேட்டாள். மண்வெட்டியைச் சாய்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்து, தடை ஏதும் உண்டா என்று சபையைக் கேட்பது வழக்கம். தனக்கு ஓலை வாசித்த நாள்கூட அவளுக்கு நினைவு வந்தது. ஸ்பீக்கர் கரகரத்தது.

“காலஞ்சென்ற செபஸ்தியானுக்கும், காலஞ்சென்ற அடைக்கலமேரிக்கும் பிறந்த மகள் பிரவீணா…”

தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று நினைத்தாள். இல்லை. குழிக்குள் நின்றுகொண்டு தன் சாவுச் செய்தியைத் தானே கேட்டவள் இந்த ஜில்லாவில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்!

அன்றைக்கே மகளுக்குப் போன் போட்டாள். “உனக்குத் தெரியுமாடி?”

மறுபக்கத்தில் அழுகை. “அம்மா… பெரியப்பாதான்… அவங்க பெரிய இடம்மா. குழி வெட்டுறவ பொண்ணுன்னு தெரிஞ்சா… கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு…”

அடைக்கலமேரி போனை வைத்துவிட்டாள். மூத்தார் எழுதியது வலித்தது. மகள் தெரிந்தும் சும்மா இருந்தது, பெற்ற வயிற்றில் கடப்பாரையால் குத்தியது போல் இருந்தது. ஒரு வாரம் அழுதாள். நேற்றுச் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கிய மகள் தலையைக் குனிந்துகொண்டே அவளைத் தாண்டிப் போனபோது அழுகை நின்றுவிட்டது.

“சரிங்க மாமா,” என்றாள் இப்போது. “மணியை மட்டும் அடிச்சிட்டுப் போறேன்.”

சவரிநாதனுக்கு உயிர் வந்தது. “அதுக்கென்ன… அடிச்சிட்டுப் பின்வழியா போயிடு.”

கோபுரத்தின் கீழே கயிற்றைப் பிடித்தாள். பூசை மணி என்றால் விடாமல் அடிக்க வேண்டும். அவள் அப்படி அடிக்கவில்லை. ஒரே ஒரு அடி. கயிற்றை நிறுத்திப் பிடித்து, ‘அருள் நிறைந்த மரியே’ ஒன்றை முழுசாகச் சொன்னாள். பிறகு அடுத்த அடி. மறுபடியும் ஒரு ஜபம்.

அது துக்க மணி! ஆம்பளைக்கு ஒன்பது அடி, பொம்பளைக்கு ஏழு. ஊரே எண்ணத் தொடங்கியது. பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள் துலக்கியபடியே ஓடிவந்தார்கள். ஏழோடு மணி நின்றது.

“ஏழு… பொம்பளை! எந்த வூட்டுல?” “நேத்து வரைக்கும் யாரும் படுக்கையில இல்லையே…”

அங்கியை அரைகுறையாகப் போட்டுக்கொண்டு பங்குச் சாமியார் வெளியே வந்தார். மூன்று மாசத்துக்கு முன் மாற்றலாகி வந்த சின்ன வயசுக்காரர். “யாரும்மா எறந்தது? எனக்கு ஒண்ணும் சொல்லலியே?”

“சொல்லிட்டீங்களே சாமி!” அடைக்கலமேரி கயிற்றை ஆணியில் மாட்டினாள். “போன ஞாயித்துக்கிழமை மைக்குல நீங்கதான் வாசிச்சீங்க. காலஞ்சென்ற அடைக்கலமேரின்னு. மணியடிக்க ஊருல யாருக்கும் தோணல. சரி, நம்ம வேலைதானேன்னு நானே வந்து அடிச்சேன்.”

சாமியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. “அடைக்கலமேரின்னா… நீங்களா? நான் உங்கள கோயில்பிள்ளையம்மான்னுதானே… பேரே எனக்குத் தெரியாதேம்மா!”

“உங்களுக்குத் தெரியாது சாமி. இந்தா நிக்கிறாங்களே, இவங்க அத்தனை பேருக்கும் தெரியும். உபதேசியாரைப் பகைச்சிக்க முடியாதுன்னு கேட்டும் கேக்காத மாதிரி போனாங்க. பதிவேட்டை எடுங்க. நான் செத்த தேதியை எழுதுங்க. என் ஆத்துமத்துக்கு ஒரு பூசையும் வையுங்க. குழிக்கு ஆள் தேட வேணாம், அதையும் நானே வெட்டிக்கிறேன்!”

கூட்டத்தைப் பிளந்துகொண்டு சவரிநாதன் ஓடிவந்தார். பின்னாலேயே ஆண்டிமடத்துக் கார் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை. “அவளுக்குப் புத்தி பெரண்டு போச்சு சாமி! ஏண்டி, குடும்பத்து மானத்தை வாங்குறியே! எங்களுக்குப் புள்ளை குட்டி இல்ல. அவளை எங்க பொண்ணா நெனைச்சித்தானே பெரிய எடத்துல…”

“பெரிய எடமா? அவங்களும் நம்ம சனந்தான் மாமா. அவங்க தாத்தனும் எங்க தாத்தனும் ஒரே பண்ணையில கூழுக்கு நின்னவங்க. அவங்க முந்திரி வித்து மேல வந்தாங்க, நான் குழி வெட்டி மேல வந்தேன். இதுல எது ஈனம், சொல்லுங்க! உங்க பொண்ணா நெனைங்க, வேணாங்கல. அதுக்கு ஏன் மாமா என்னைக் கொன்னீங்க?”

அடைக்கலமேரி கூட்டத்துக்குள் தேடினாள். சுவரோரம் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு பிரவீணா நின்றிருந்தாள்.

“இங்க வாடி. எல்லாரு முன்னாடியும் சொல்லு. நான் உன்னைப் பெத்தவ இல்லைன்னு ஒரு வார்த்தை உன் வாயால சொல்லு. இப்பவே செந்துறைக்குப் பஸ் ஏறிடுறேன். இந்த ஜென்மத்துல திரும்பி வர மாட்டேன்.”

பிரவீணா நடந்து வந்தாள். ஆனால் அம்மாவிடம் வரவில்லை. காரிலிருந்து இறங்கி நின்ற மாப்பிள்ளை ரஞ்சித்குமாரையும், அவன் தாய் பெரியநாயகத்தையும் நோக்கிப் போனாள். அடைக்கலமேரி மறுபடி மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். போச்சு… அந்தப் பக்கமே போய்விட்டாள்!

“அத்தை, இவங்கதான் எங்கம்மா,” என்றாள் பிரவீணா. “உயிரோட இருக்காங்க. குழி வெட்டித்தான் என்னை நர்சிங் படிக்க வெச்சாங்க. பெரியப்பா எழுதினாரு… எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தேன். பாவி நான்தான். கல்யாணம் வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. எனக்கு எங்கம்மா போதும்!”

ரஞ்சித்குமார் ஏதோ சொல்ல வந்தான். பெரியநாயகம் அவனைக் கையமர்த்திவிட்டு, நேராக அடைக்கலமேரியிடம் வந்து ஏற இறங்கப் பார்த்தாள்.

“எங்க கோயில்லயும் அதே ஓலையைத்தான் வாசிச்சாங்க. தாயில்லாப் புள்ளையாச்சேன்னு ஒரு வாரமா சோறு எறங்காம கெடந்தேன் சம்பந்தி! அந்த அழுகையெல்லாம் வீணாப் போச்சு.” திரும்பி பிரவீணாவைப் பார்த்தாள். “பொய் சொன்னது தப்பு. அதுக்கு உன்னை நான் வூட்டுல வெச்சி வருஷக்கணக்கா திட்டிக்கிறேன். ஆனா குழி வெட்டுறது தப்புன்னு யாருடி உனக்குச் சொன்னது?”

பிரவீணா அதற்குமேல் நிற்கவில்லை. ஓடிவந்து அம்மாவின் காலில் விழுந்தாள். “அம்மா… என்னை மன்னிச்சிடும்மா…” காலைப் பிடித்த கையை அடைக்கலமேரி விலக்கப் பார்த்தாள். விலக்க முடியவில்லை. நேற்றிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் பீறிட்டது. மகளை வாரியெடுத்து நெஞ்சோடு கட்டிக்கொண்டு, “பாவி மவளே… பாவி மவளே…” என்று அவள் முதுகில் அடித்து அடித்து அழுதாள்.

அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “சாமி, இந்த ஓலை செல்லாது. முதல் ஓலையிலேருந்து திரும்ப வாசிக்கணும். எழுதினவரே வாசிக்கணும்.”

சாமியார் தலையசைத்தார். “நியாயம்தான். வாசிங்க உபதேசியாரே.”

பூசை முடிந்ததும் சவரிநாதன் மைக் முன்னால் நின்றார். “காலஞ்சென்ற செபஸ்தியானுக்கும்…” நின்றுவிட்டார். அடுத்த பெயருக்கு முன்னால் இருந்த ‘காலஞ்சென்ற’ அடிக்கப்பட்டு, அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. “இங்க… இங்க என்ன போடுறதும்மா?”

அடைக்கலமேரி முதல் வரிசையில் எழுந்து நின்றாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் முதல் வரிசையில் உட்கார்ந்தது அன்றுதான்.

“கோயில்பிள்ளைன்னு போடுங்க மாமா. அந்த எடத்துல அது சரியா உக்காரும்.”

“கோயில்பிள்ளை… அடைக்கலமேரிக்கும் பிறந்த மகள் பிரவீணா…” அவர் தட்டுத்தடுமாறிக் கடைசி வரிக்கு வந்தார். “இவர்கள் திருமணத்துக்கு விக்கினம் ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள், பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும்.”

யாரும் சாமியாரைப் பார்க்கவில்லை. சபை முழுவதும் அடைக்கலமேரியைத்தான் பார்த்தது. உபதேசியாரும், சூசையம்மாவும், பக்கத்திலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு மகளும்.

அவள் உடனே உட்காரவில்லை. ‘அருள் நிறைந்த மரியே’ ஒன்றை மனசுக்குள் நிதானமாக, ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். அதுவரை அத்தனை பேரும் காத்திருந்தார்கள். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.