விளக்கை அணைத்த கை

செல்வதாஸின் உடல் இரணியல் ரோட்டு வளைவில், கருங்கல் மதிலுக்கும் அவருடைய சொந்தக் காருக்கும் நடுவே நசுங்கிக் கிடந்தது. ஒரு தடவை மோதியது போதாதென்று, வண்டியைப் பின்னால் எடுத்து மறுபடியும் மோதியிருந்தான் எவனோ ஒருவன். மதிலில் ரத்தமும் முடியும் ஒட்டியிருந்தன. ஓட்டியவன் ரப்பர் தோட்டத்துக்குள் பாய்ந்து ஓடிவிட்டான்.

மாலை ஏழரை. சப்-இன்ஸ்பெக்டர் ஷைஜா வந்து சேர்வதற்குள் ஊரே தீர்ப்பு எழுதி முடித்திருந்தது. செல்வதாஸின் டிரைவர் ஸ்டெனி, மத்தியானம் தெருவில் அவரோடு கைகலந்தவன். பஸ் ஸ்டாப்பில் நின்றவனை இழுத்துப் போட்டு, கல்லாலும் கம்பாலும் முகத்தைச் சிதைத்துவிட்டார்கள். "இவந்தாம்லே!" என்று முதல் கல்லை எடுத்தவர் செத்தவரின் தம்பி ஜெப்சன். கத்தாரில் பல வருடம் லாரி ஓட்டிவிட்டுப் போன வாரம்தான் ஊருக்கு வந்தவர். ஷைஜா லத்தியைச் சுழற்றித்தான் ஸ்டெனியை மீட்டாள். கொஞ்சம் முந்தி வந்திருக்கக் கூடாதா என்று அவளுக்கு நெஞ்சு ஆறவில்லை.

விடிந்ததும் காரைச் சுற்றிவந்தாள். வளைவில் டீக்கடை வைத்திருக்கும் ஹசன் பக்கத்தில் நின்றார்.

"என்ன பாத்தீங்க?"

"லைட்டு போட்டுத்தான் வந்துச்சு மேடம். அவருக்க கிட்ட வந்தப்போ பட்டுன்னு அணைஞ்சு. உள்ள டாஷ்போர்டு வெளிச்சமும் போச்சு. பின்ன ஒரே சத்தம்."

"முகம்?"

"அந்த இருட்டுல எங்க தெரியும்?"

முன் கண்ணாடியில் குவாரி லாரிகள் கிளப்பிய தூசி அப்பியிருந்தது. அதில் விசிறி போல இரண்டு வளைவுகள் மட்டும் சுத்தமாக இருந்தன. வைப்பர் ஓடியிருக்கிறது. மழை பெய்து ஒரு மாதமாகிறது. ரத்தத் துளிகளோ அந்த வளைவுகளின் மேலேயே கலையாமல் உறைந்திருந்தன. மோதிய பிறகு வைப்பர் ஓடியிருந்தால் ரத்தம் இழுபட்டிருக்கும். காய்ந்த கண்ணாடியில், கொலைக்குச் சற்று முன்னால், எந்த மடையன் வைப்பர் போடுவான்?

"ஸ்டியரிங் பக்கத்துல இருக்க வைப்பர் தண்டுல ரேகை எடுங்க" என்றாள் கைரேகை நிபுணரிடம்.

ஆஸ்பத்திரியில் ஸ்டெனிக்கு இரண்டு கண்ணிலும் கட்டு. ஒரு கை கட்டிலோடு விலங்கில் இருந்தது. மனைவி பிரிஜா காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஸ்டெனி, நேத்து வைப்பர் போட்டியா?"

"தண்ணி இல்லாமலா மேடம்? கண்ணாடி கீறிப்போவும்லா. நான் வெளிச்சம் இருக்கும்போதே வண்டிய ஷெட்டுல விட்டுட்டேன். சாவி ஆணியில கெடந்து."

அண்ணனின் உடலை வாங்க வந்த ஜெப்சன் வராந்தாவில் நின்றார்.

"அண்ணன் வண்டிய நீங்க எடுத்தீங்களா?"

"அதுக்குள்ள காலே வைக்கல்ல."

"சரி. வாசல்ல எனக்க கார் ஸ்டார்ட்டுல நிக்கி. அதே மாடல்தான். ஹெட்லைட்ட மட்டும் அணைச்சிடுங்க."

ஜெப்சன் ஏறி உட்கார்ந்தார். இடது கை தானாகப் போய்த் தண்டைத் திருகியது. லைட் அணையவில்லை. காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கிரீச்சிட்டது.

"எறங்குங்க ஜெப்சன்" என்றாள் ஷைஜா. "கத்தார்ல ஸ்டியரிங் இடப்பக்கம். லைட்டுத் தண்டு இடது கைக்கு வரும். நம்ம வண்டியில அது வலது கைக்கு, இடது கைக்கு வைப்பர். அவசரத்துல பழகின கைதான் முந்தும். இங்கயே ஓட்டுற ஸ்டெனிக்கு இந்தத் தப்பு வராது. வைப்பர் தண்டுல புது ரேகை ஒண்ணு இருக்கு, அவனோடது இல்ல. உங்க விரல வச்சுப் பாப்போமா?"

ஜெப்சன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். "நான் வெயில்ல வேகும்போ அப்பனுக்க தோட்டத்த முழுசும் அவனுக்க பேருக்கு மாத்திட்டான். கேட்டதுக்குச் சிரிச்சான் மேடம்."

"அதுக்கு அவரக் கொன்னீங்க. ஸ்டெனி என்ன செய்தான்?"

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் ஜெப்சனை ஜீப்பில் ஏற்றினார்.

ஷைஜா உள்ளே போய் விலங்கைக் கழற்றினாள். "உன் பேருல கேசு இல்ல ஸ்டெனி."

கட்டுக்குக் கீழே உதடு கோணிச் சிரித்தான் அவன். "அப்போ கட்டு அவுத்ததும் வண்டி எடுக்கலாம் இல்லியா மேடம்?"

பிரிஜா அவளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள். குரல் தணிந்திருந்தது.

"ரெண்டு கண்ணும் இனி வராதுண்ணு டாக்டர் காலையிலயே சொல்லிட்டாரு. இவருட்ட நீங்க சொல்லுவியளா, நான் சொல்லணுமா?"