பதினான்காம் பிரிவு

விண்கப்பலில் ஒரே ஓர் இருக்கை மிச்சம் இருந்தது. அதில் பொன்னுரங்கத்தை ஏற்றி அனுப்பும் உத்தரவில் தயாபரன்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

செவ்வாயில் இருக்கும் செம்புழுதிக் குடியேற்றத்தின் கைதி மாற்றல் அதிகாரி அவன். அவன் மனைவி யசோதரா, விண்வெளியில் மிதக்கும் நீரூர் என்ற குடியேற்றத்தில் மனநோய் மருத்துவர். கூரைக்கடியில் மேகம் கட்டி வாரம் இருமுறை மழை பெய்விக்கும் ஊர் அது. அங்கே போக அவன் விண்ணப்பித்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஒவ்வொரு கப்பலிலும் சட்டம் அவனை முந்திக்கொண்டு வேறு யாரையாவது ஏற்றிவிடும்.

சட்டத்தை எழுதியவர்கள் பூமியில் சௌக்கியமாக இருந்தார்கள். பதினான்காம் பிரிவு: குற்றம் செய்தவனுக்குச் சித்தம் கலங்கியிருந்தால், மருத்துவமனை உள்ள குடியேற்றத்துக்கு அவனை உடனே அனுப்ப வேண்டும். பதினைந்து: சித்தம் தெளிவாக இருந்தால் குற்றம் செய்த இடத்திலேயே தண்டனை. பதினாறு: குணமானவன் திரும்பி வந்து மிச்சத் தண்டனையை அனுபவிக்க வேண்டும். எது எந்தப் பிரிவு என்பதைச் சித்தமானி சொல்லும். தலையில் மாட்டினால் கலக்கத்தை நூற்றுக்கு இத்தனை என்று காட்டும் வளையம் அது. எழுபதைத் தாண்டினால் நீரூர்.

சுரங்கத் தொழிலாளி பொன்னுரங்கம், கேன்டீனின் வெப்பக்குழாய்க்குள் யாரோ பாடுவதாகச் சொல்லி அதைச் சுத்தியலால் உடைத்தவன். சித்தமானி எண்பத்தெட்டு காட்டியது.

"குடுத்து வச்சவன்யா நீ" என்றான் தயாபரன், கையெழுத்துப் போட்டுக்கொண்டே.

"எங்க சார் கூட்டிட்டுப் போறாங்க?" என்று கேட்டான் பொன்னுரங்கம். தயாபரன் உத்தரவின் மேல் முத்திரையை ஓங்கிக் குத்தினான்.

நான்கு மாதம் கழித்து யசோதராவின் செய்தி வந்தது. "உங்க ஊர்லேர்ந்து ஒருத்தர் வந்திருக்கார். மழை வந்தா வெளியே ஓடிப் போய் நின்னு பாடறார். உள்ள கூப்பிடப் போன நானும் தொப்பலா நனைஞ்சுட்டேன். ரொம்ப நாள் ஆச்சுங்க இப்படிச் சிரிச்சு."

அதை அவன் பதினேழு முறை கேட்டான். ஒரு பைத்தியக்காரன் யசோதராவோடு மழையில் நனைகிறான்; சட்டத்தை மதித்து நடந்த தானோ புழுதியைத் தின்றுகொண்டிருக்கிறான். பொறாமை என்று அவனே அதற்குப் பெயர் வைத்தான். பெயர் வைத்தும் அது அடங்கவில்லை.

பொன்னுரங்கத்தின் கோப்பு அவனுக்கு மனப்பாடம். ஒரு மாதம் திட்டமிட்டான். யாருக்கும் காயம் படாதபடி, கேன்டீனில் ஆள் இல்லாத வேளையைக் குறித்துவைத்தான். அதே மாதிரி சுத்தியல் வாங்கினான். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் உள்ளே போய், "பாடாதே! பாடாதே!" என்று கத்தியபடி அதே குழாயை உடைத்தான். சாம்பார் உறைந்து கல்லானது.

வளையத்தை மாட்டினார்கள். அவனுக்குக் கீழே வேலை பார்த்த குமுதவல்லி முள்ளைப் பார்த்தாள். திரும்பவும் தட்டிப் பார்த்தாள்.

"மூணு சார்."

"தொண்ணூத்து மூணா?"

"வெறும் மூணு. இவ்வளவு தெளிவா யாருக்கும் காட்டினதில்ல சார். நாள், நேரம், சுத்தியல் எடை, எல்லாம் உங்க மனசுல வரிசையா அடுக்கி வச்ச மாதிரி இருக்குன்னு வளையம் காட்டுது."

அவன் கலங்கவில்லை. சித்தமானியின் முடிவை நீரூர் மருத்துவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த மருத்துவரே மாற்றி எழுதலாம். மொத்தக் குடியேற்றங்களுக்கும் ஒரே மனநோய் மருத்துவர்தான், யசோதரா. அவள் கைவிட மாட்டாள்.

பதில் மூன்றாம் நாள் வந்தது. 'சித்தம் தெளிவு. இவரைப் பன்னிரண்டு வருஷமாக எனக்குத் தெரியும். இது நோய் இல்லை, பொறாமை. என் கணவர் என்பதற்காகப் பொய் எழுத என்னால் முடியாது. யசோதரா.'

பதினைந்தாம் பிரிவு. ஆறு வருஷம். தண்டனை பெற்றவன் என்பதால் ஒன்பது வருஷ விண்ணப்பமும் ரத்தானது.

இரண்டாம் வருஷம் பக்கத்து அறைக்கு ஆள் வந்தது. காற்றுத் துளை வழியாக எட்டிப் பார்த்து, பழகிய குரல் ஒன்று பேசியது.

"சார், நீங்களா? நான் பொன்னுரங்கம். குணமாயிடுச்சுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. பதினாறாம் பிரிவாம்."

தயாபரன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். "மழை எப்படி இருந்துச்சு?"

"அதை ஏன் சார் கேக்குறீங்க. டாக்டரம்மா மாதிரி ஒரு மனுஷி கிடையாது. அவங்க வீட்டுக்காரர் கூட இங்கதான் எங்கயோ உள்ள இருக்காராம். கிளம்புறப்போ சொன்னாங்க, அந்த மனுஷனுக்குக் கொஞ்சமாவது பைத்தியம் பிடிச்சிருந்தா இந்நேரம் என் பக்கத்துல இருந்திருப்பார்னு. சொல்லிட்டு அழுதாங்க. நான் பாட்டுப் பாடினதும் சிரிச்சுட்டாங்க."

அவள் அழுதாள் என்பது தயாபரன் காதில் விழத்தான் செய்தது; சிரித்தாள் என்பதுதான் உள்ளே நின்றது.

"என்ன பாட்டு அது?" என்று கேட்டான்.