ஜூனிபரின் வெடித்த குளம்புகள்

டார்லா ப்ராதர் உள்ளே வந்தபோது கென்டக்கியின் நவம்பர் மழையில் பாதியும் அவளோடு உள்ளே வந்தது. அந்த மாதம் தவளைகள்கூட ஒதுங்க இடம் தேடின என்று ஆர்வில் கண்டிஃப் இன்றைக்கும் சத்தியம் செய்வார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஆர்வில், மருந்துக்கடை நடத்தி ஓய்வுபெற்ற வெர்னன் டாக்கெட்டின் சமையலறையில் தினமும் காபி குடிப்பவர். யாராவது ஒரு மர்மத்தோடு வந்தால் காபியை மறந்துவிடுபவர். வெர்னனோ, கூரையே இடிந்து விழுந்தாலும் கோப்பையை மெல்லக் கீழே வைத்த பிறகுதான் நிமிர்ந்து பார்ப்பார்.

"எங்க அம்மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொல்றாங்க, மிஸ்டர் டாக்கெட்."

ஆர்விலின் காது குதிரைக் காதுபோல் விறைத்தது.

டார்லாவின் அம்மா லோரீனுக்குப் பல வருடங்களாகத் தைராய்டு சுரப்பி வேலை செய்வதில்லை. விடிந்ததும் ஒரு மாத்திரை. கோடையில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் மருந்து அதிகம் என்று வந்தது. டாக்டர் அளவைக் குறைத்தார். மறுபடியும் அதிகம் என்றே வந்தது. மறுபடியும் குறைத்தார். இப்போது அம்மா பாதி நாள் தூங்குகிறாள், பெயர்களை மறக்கிறாள்.

"மறதிக்காரங்க விடுதியில இடம் சொல்லியாச்சு. நாளைக்குக் கொண்டுபோய் விடணும். ஆனா எனக்கு அந்த ஹெர்ஷல் மேலதான் சந்தேகம். முப்பது வருஷமா எங்க லாயத்துல இருக்கான். அம்மாவுக்குக் காலைக் கஞ்சி வெச்சுக் குடுக்கறது அவன்தான். மாத்திரையைக் கூடுதலாப் பொடிச்சுப் போடறான்னு நெனைக்கறேன். லாயத்தை அம்மா உயில்ல அவனுக்குத்தான் எழுதியிருக்கா."

அதற்குள் ஆர்வில் மழைக்கோட்டை மாட்டி, அவசரத்தில் வெர்னனின் தொப்பியையும் வைத்துக்கொண்டு நின்றார்.

ப்ராதர் வீட்டில் ஒரு மாட்டையே வறுக்கக்கூடிய அளவுக்கு அடுப்பு எரிந்தது. லோரீன் அதன் முன்னால் மூன்று ஸ்வெட்டர் போட்டு, மேலே குதிரைக் கம்பளியும் போர்த்தி நடுங்கிக்கொண்டிருந்தாள். நாற்காலியை விட்டு எழுவதே இல்லை என்று டார்லா சொன்னாள். ஆனால் வாசலில் இருந்த லோரீனின் பூட்ஸில் சேறு இன்னும் ஈரமாயிருந்தது.

"ஆர்விலா? பஸ்ஸை எங்கடா விட்டே?" குரல் கிணற்றின் அடியிலிருந்து வந்ததுபோல் கரகரத்தது.

"பஸ்ஸைப் பதினோரு வருஷத்துக்கு முன்னாடியே வித்துட்டாங்களே, மிஸ் லோரீன்."

"அது எனக்குத் தெரியாதா? உன்னைக் கிண்டல் பண்றதுக்கு வேற என்ன இருக்கு?"

வெர்னன் அவள் கையைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தபடி முழுதாக ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தார். "நாற்பத்தெட்டு" என்றார். நாடி பார்த்து முடிந்தும் கையை விடவில்லை. அந்த விரல்களில் நகம் தடித்து, நீண்டு, கண்ணாடிபோல் மின்னியது. பக்கத்தில் காலிக் கஞ்சிக் கிண்ணம். அதன் அடியில் பச்சையாக ஏதோ படிந்திருந்தது.

லாயத்தில் ஹெர்ஷல் ஒரு பெண்குதிரையின் காலை மடியில் வைத்துக் குளம்பை அராவிக்கொண்டிருந்தார். ஜூனிபர் என்ற அந்தக் குதிரையின் குளம்பு, கோடையில் காய்ந்த ஏரிபோல் வெடித்திருந்தது.

"இவளுக்குத் தீனியில குளம்புத் தூள் போடறதில்லையா?" என்று கேட்டார் வெர்னன்.

"வாங்கத்தான் வாங்கறேன். ரெண்டு மாசம் வர வேண்டிய வாளி மூணு வாரத்துல காலியாயிடுது. எலிங்கதான்னு நெனைக்கறேன்."

"மூடியைத் திறந்து தின்னுட்டு, மறுபடியும் மூடி வெச்சுட்டுப் போற எலியா?" என்றார் ஆர்வில். பிறகு வெர்னனின் காதில், "இவன்தான்பா! திருடி விக்கறான்!" என்று கிசுகிசுத்தார். அந்தக் கிசுகிசுப்பு பக்கத்து மாவட்டம்வரை கேட்டிருக்கும்.

வெர்னன் காலி வாளியில் ஒட்டியிருந்த சீட்டை எழுத்து எழுத்தாகப் படித்தார். பிறகு எல்லோரையும் லோரீன் இருந்த அறைக்குக் கூப்பிட்டார்.

"டார்லா, மருந்து நெஜமாவே அதிகமாப் போயிருந்தா உங்க அம்மாவுக்கு நெஞ்சு படபடக்கும், வேர்க்கும், தூக்கமே வராது. இங்க பாத்தா நாடி நாற்பத்தெட்டு, மூணு ஸ்வெட்டர். ஒடம்பு ஒண்ணு சொல்லுது, காகிதம் வேற சொல்லுது. நான் ஒடம்பை நம்பறேன்."

"அப்ப பரிசோதனை பண்ணவங்க தப்பு பண்ணிட்டாங்களா?"

"இல்லம்மா. அவங்களுக்குத் தெரியாத ஒரு சங்கதி அந்த ரத்தத்துல இருந்துச்சு. ஜூனிபர் தூளைத் தின்னிருந்தா குளம்பு இப்படி வெடிச்சிருக்காது. இந்த வீட்ல யாருக்கு நகம் நல்லா வளந்திருக்கு?"

லோரீன் கைகளைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"முடி கொத்துக் கொத்தாக் கொட்டுச்சு" என்றாள். "சர்ச்சுக்குத் தொப்பியில்லாமப் போக முடியல. ஜூனிபரோட பிடரியைப் பாரு, பட்டு மாதிரி. ஹெர்ஷல் அந்தப் பக்கம் போனதும் லாயத்துலேருந்து அந்தப் பச்சைத் தூளை எடுத்தாந்து கஞ்சியில ஒரு கரண்டி கலந்தேன். அப்புறம் ரெண்டு. வேற ஏதாச்சும் சாப்பிடறியான்னு டாக்டர் கேட்டாரு. குதிரைத் தீனி திங்கறேன்னு எந்த வாயால சொல்றது?"

யாரும் சிரிக்கவில்லை. ஆர்வில்கூட.

"அதுல பயோட்டின், அதான் முடிக்கும் நகத்துக்கும் போடற வைட்டமின், மனுஷனுக்குத் தேவையானதைவிடப் பல நூறு மடங்கு" என்றார் வெர்னன். "ரத்தத்துல அது நெறைய இருந்தா, சில தைராய்டு பரிசோதனைங்க ஏமாந்துபோய் மருந்து அதிகம்னு காட்டும். கால்சியம், இரும்பு, துத்தநாகமும் இருக்கு. மாத்திரை முழுங்கின சூட்டோட அதெல்லாம் வயித்துக்குப் போனா, மாத்திரையை ரத்தத்துல சேர விடாது. கால்சியம், இரும்பெல்லாம் மனுஷனுக்குன்னு செஞ்சதா இருந்தாலும் நாலு மணி நேரம் தள்ளித்தான் சாப்பிடணும், டாக்டர்கிட்டயும் சொல்லணும். உள்ள மருந்து வத்திக்கிட்டே வந்துச்சு. காகிதம் அதிகம்னுச்சு. டாக்டர் மேலும் குறைச்சாரு."

"அப்ப மறதி?"

"இதனாலயும் வரும். எவ்வளவு திரும்பும்னு என்னால சொல்ல முடியாது. அளவை நாமளா கூட்டக் கூடாது. தூளை நிறுத்திட்டு மறுபடி ரத்தம் பாக்கணும். ஆனா இந்த நாடியோட, இந்தத் தூக்கத்தோட வீட்ல வெச்சிருக்கக் கூடாது. இப்பவே ஆஸ்பத்திரி. அந்தக் காலி வாளியையும் எடுத்துட்டுப் போ."

டார்லா விடுதிக்குத் தொலைபேசியில் வேண்டாம் என்று சொன்னாள். பிறகு அம்மாவைத் தாங்கிப் பிடித்துக் கார்வரை கூட்டிவந்தாள். கார்க் கதவருகே லோரீன் நின்றுவிட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குத்தாம்மா. திரும்பி வந்துடலாம்."

"போன வாரமும் சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்னுதான் சொன்னே. அந்த விடுதி வாசல்ல போய் நிறுத்தினே."

மழை இருவர் மேலும் பெய்தது.

"ஹெர்ஷல் ஓட்டட்டும்" என்றாள் லோரீன். "அவன்னா நான் வரேன்."

டார்லா சாவியை நீட்டினாள். ஹெர்ஷல் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு, லோரீனை முன்னிருக்கையில் உட்காரவைத்தார். டார்லா காலி வாளியை மடியில் வைத்துக்கொண்டு பின்னிருக்கையில் போய் உட்கார்ந்தாள்.